மேகம் இறங்குனா கேமராவை உள்ள வைக்காதீங்க

வாசகர் கேள்வி – பதில்

வணக்கங்க. புதுசா படிக்கறவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன், நான் தொழில்முறை போட்டோகிராஃபர் இல்ல, கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில கணக்கு எழுதறவன், பச்சை இலை வரவு செலவு போக மிச்ச நேரத்துல கேமராவைத் தூக்கிட்டு சுத்துவேன், கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கக் கூப்பிட்டா ஓடி ஒளிஞ்சுக்குவேன். இந்த மாசம் வந்ததுல முக்காவாசி கேள்வி மலைக்கு வந்துட்டுப் போனவங்க கிட்ட இருந்து, அதுலயும் பாதி ஒரே புகார்: படம் சாம்பல் பூசின மாதிரி வருது. அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

அண்ணா, ரெண்டு நாள் லீவு போட்டு குன்னூர் வந்தேன். லாம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் ரெண்டு இடத்துலயும் ஒரே மூட்டம், ஒண்ணும் தெரியல. எடுத்த நாலு படமும் அழுக்கு வேட்டி மாதிரி இருக்கு. எந்த மாசம் வந்தா க்ளியரா இருக்கும்?
(ஒரு வாசகர், திருப்பூர்)

தம்பி, எத்தனை மணிக்கு அங்க போனீங்கன்னு நீங்க எழுதவே இல்ல, ஆனா நானே சொல்லிடறேன், ரூம்ல குளிச்சு, பொங்கல் வடை சாப்பிட்டு, சிம்ஸ் பார்க்கையும் ஒரு சுத்து சுத்திட்டு பதினொரு மணி வாக்குல போயிருப்பீங்க. லாம்ப்ஸ் ராக் கீழ சமவெளியைப் பார்த்து நிக்கற பாறைங்க. வெயில் ஏற ஏற கீழ இருக்கற ஈரக்காத்து சூடாகி மலைச்சரிவைப் பிடிச்சு மேல வரும், வர வர குளிரும், குளிர்ந்தா மேகமாயிடும், அந்த மேகம் நேரா வந்து உங்க லென்ஸ் முன்னாடி நிக்கும். அதனால தூரத்துக் காட்சி வேணும்னா காலைல ஆறரைல இருந்து எட்டரைக்குள்ள அங்க நிக்கணும், அதுக்கு மேல அதிர்ஷ்டம்தான்.

மாசம் கேட்டீங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்கு மழை நடுவட்டம், கூடலூர், அவலாஞ்சி பக்கம்தான் அடிச்சு ஊத்தும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சது ஞாபகம் இருக்கும். எங்க குன்னூர் கோத்தகிரி பக்கம் பெரிய மழை அக்டோபர் நவம்பர்லதான். ரெண்டும் முடிஞ்சு டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும் காலை நேரம் நல்லா இருக்கும், காத்து கழுவி விட்ட மாதிரி. கோடநாடு வியூ பாயின்ட்ல நின்னா கீழ மாயாறு பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா வயல், அந்தப் பக்கம் பவானிசாகர் தண்ணி மினுங்கறது வரைக்கும் தெரியும்.

இது நீங்க கேட்டதுக்கு பதில். ஆனா உங்க கேள்வியே தப்புன்னு எனக்குத் தோணுது. க்ளியரா இருக்கற அன்னிக்கு அந்தப் பாறையில நிக்கற இருநூறு பேர் கையிலயும் ஒரே படம்தான் இருக்கும். மூட்டம் வந்த அன்னிக்குத்தான் கரண்ட் கம்பம், மொபைல் டவர், லாட்ஜ் போர்டு எல்லாம் காணாமப் போகும், ஒரு மரம் ஒரு மனுஷன் மட்டும் மிஞ்சும். அந்த நேரம் பார்த்து எல்லாரும் கேமராவைப் பைக்குள்ள வச்சுட்டு மிளகாய் பஜ்ஜி கடைக்குப் போயிடறாங்க.

அழுக்கு வேட்டி விஷயத்துக்கு வரேன். கேமராவுக்குள்ள வெளிச்சம் அளக்கற மீட்டர் இருக்கே, அது ஒரு வெகுளி, உலகத்துல எல்லாமே நடுத்தர சாம்பல் நிறம்னு நம்பிட்டு உக்காந்திருக்கு. வெள்ளையைக் காட்டினா ஐயோ வெளிச்சம் ஜாஸ்தின்னு குறைச்சுடும், கருப்பைக் காட்டினா இருட்டா இருக்கேன்னு கூட்டிடும். மூட்டம் வெள்ளை. அதைச் சாம்பலாக்கித்தான் உங்களுக்குக் குடுத்திருக்கு. கேமராவுல ப்ளஸ் மைனஸ் போட்ட ஒரு பட்டன் இருக்கும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதை அமுக்கி ப்ளஸ் 0.7, இல்லைன்னா ப்ளஸ் 1 வைங்க. ஹிஸ்டோகிராம், அதாவது படத்துல இருட்டு இடதுலயும் வெளிச்சம் வலதுலயும் எவ்வளவு இருக்குன்னு கேமரா காட்டற வரைபடம், அதைப் பார்க்கற பழக்கம் இருந்தா அதுல தெரியற மேடு வலது பக்கம் தள்ளி நிக்கணும், ஆனா சுவத்துல போய் முட்டக்கூடாது.

அப்புறம் அகலமா எடுக்கற வைடு லென்ஸைக் கழட்டிட்டு, தூரத்துல இருக்கறதைக் கிட்ட இழுக்கற ஒரு 70-300 எம்எம் மாதிரி ஏதாவது மாட்டுங்க. டீ தோட்டத்துல நிழலுக்கு வச்ச சில்வர் ஓக் மரம் வரிசையா நிக்கும் பாருங்க, மூட்டத்துல முதல் மரம் மை மாதிரி இருக்கும், அடுத்தது பென்சில் கோடு மாதிரி, அதுக்கடுத்தது இருக்கா இல்லையான்னு நமக்கே சந்தேகம் வரும். ஃபோகஸ் முன்னயும் பின்னயும் அலைஞ்சுட்டே இருந்தா வெறும் வெள்ளையைக் காட்டாதீங்க, மரத்தோட ஓரத்தைக் காட்டுங்க, பிடிச்சுக்கும்.

எனக்குப் பிடிச்ச என் படம் ஒண்ணு இப்படித்தான் வந்தது, கவாத்து பண்ணின, அதாவது செடியை வெட்டி விட்ட தோட்டம் ஒண்ணுல. கவாத்து முடிஞ்ச தேயிலைச் செடியைக் கிட்ட போய் பார்த்திருக்கீங்களா, ஒரு இலை இருக்காது, முழங்கால் உயரத்துக்கு வெறும் கிளை, வயசானவங்க கைவிரலை விரிச்சு வச்ச மாதிரி முண்டு முண்டா. பத்தடிக்கு மேல எதுவும் தெரியாத மூட்டத்துல அந்தக் கைகளுக்கு நடுவுல ஒரு அம்மா தலைல கம்பளியைப் போட்டுட்டு விறகு பொறுக்கிட்டு இருந்தாங்க. எடுத்துக்கலாங்களாம்மான்னு கேட்டேன். கவாத்து குச்சியவா எடுக்கப்போற, பூ வரும்போது வான்னாங்க. எடுத்துட்டேன்.

சார், கோத்தகிரி ரோட்டுல டீ எஸ்டேட்ல காட்டெருமை பார்த்தேன். கிட்ட போயி எடுத்தேன், அழகா பக்கவாட்டுல திரும்பி போஸ் குடுத்தது. ஆனா படத்துல கருப்பா இல்லாம சாயம் போன மாதிரி இருக்கு. லென்ஸ்ல கோளாறா?
(கல்லூரி மாணவர், கோவை)

லென்ஸ்ல ஒரு கோளாறும் இல்ல தம்பி, நீங்க உசுரோட இருக்கறதுக்கு முதல்ல உங்க குலசாமிக்கு ஒரு கும்பிடு போட்டுருங்க.

காட்டெருமை பக்கவாட்டுல திரும்பி நின்னா அது போஸ் இல்ல. நான் எவ்வளவு பெருசுன்னு பார்த்துக்கோன்னு காட்டுது. தலையைத் தாழ்த்தி, முதுகு மேட்டைத் தூக்கி, மெதுவா ஒவ்வொரு காலா எடுத்து வச்சு அப்படியே குறுக்கால நடக்கும், நடுவுல மூக்குல இருந்து புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரைக்கும் வரும், சரிவுல அது ஓடற வேகத்துக்கு நாம எல்லாம் ஒண்ணுமே இல்ல.

இதை உங்களுக்குச் சொல்ற தகுதி எனக்கு எப்படி வந்ததுன்னா, நானும் இதே முட்டாள்தனத்தைப் பண்ணினவன்தான். எட்டு வருஷம் முன்னாடி, கேமரா வாங்குன புதுசு, கூட வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான் கையில, அதுல காட்டெருமை எறும்பு சைஸ்ல தெரியுதேன்னு டீ செடிக்கு நடுவுல குனிஞ்சு குனிஞ்சு போனேன், கண்ணு முழுக்க வியூஃபைண்டர்ல, வலது பக்கம் செடி மறைவுல கன்னுக்குட்டி படுத்திருக்கறதைப் பார்க்கவே இல்ல. அந்த புஸ் சத்தம் கேட்டுச்சு பாருங்க, அடுத்த நிமிஷம் நான் தண்ணி போற வாய்க்கால்ல கிடந்தேன், அது துரத்தக்கூட இல்ல, நானே பயந்து விழுந்ததுதான். முழங்கால்ல மூணு தையல், லென்ஸ் முன்னாடி கண்ணாடி விரிசல். அன்னில இருந்து 50 மீட்டருக்குக் கிட்ட போறதில்ல, தப்பிச்சு ஓட எனக்கும் வழி இருக்கணும், அதுக்கும் வழி இருக்கணும். ரெண்டாவது வழிதான் முக்கியம், எல்லாரும் அதை மறந்துடறாங்க.

சாயம் போன கதை மேல சொன்ன அதே மீட்டர் கதைதான், தலைகீழா. ஃப்ரேம் முழுக்க கருப்பு மாடு, மீட்டர் அதைச் சாம்பலாக்கிடுச்சு. இங்க மைனஸ் 0.7 இல்ல மைனஸ் 1. அப்பதான் அந்த எண்ணெய் தேச்ச மாதிரி கருப்பும் கீழ வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி காலும் தனித்தனியா தெரியும். கருமந்திக் குரங்குக்கும் இதேதான், அதோட முகமும் கருப்பு, கண்ணு மட்டும் மினுங்கணும்.

அப்ப மூட்டத்துக்குள்ள காட்டெருமை நின்னா ப்ளஸ்ஸா மைனஸ்ஸா? ஃப்ரேம்ல எது அதிக இடம் பிடிச்சிருக்கோ அதைப் பாருங்க. மாடு ஓரமா சின்னதா இருந்து மிச்சமெல்லாம் வெள்ளைன்னா ப்ளஸ். மாடும் மூட்டமும் பாதிக்குப் பாதின்னா எதையும் தொடாதீங்க, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிடும்.

என் கிட்ட ஃபோன் மட்டும்தான் அண்ணா இருக்கு. ஹாஸ்டல் ஜன்னல்ல இருந்தே மலை தெரியும். ஏதாவது உருப்படியா எடுக்க முடியுமா?
(கல்லூரி மாணவி, ஊட்டி)

தாராளமா எடுக்கலாம் தங்கச்சி. முதல் வேலை லென்ஸைத் துடைக்கறது, கிண்டல் பண்ணல, பாக்கெட்ல சூடா இருந்த ஃபோனை வெளிய குளிர்ல எடுத்தா ஒண்ணும் ஆகாது, ஆனா வெளிய இருந்து உள்ள கொண்டு வந்தா கண்ணாடி மேல ஆவி படியும், அதோட கைரேகை வேற. பழைய காட்டன் துணி ஒண்ணு வச்சுக்கோங்க. அடுத்தது ஸ்க்ரீன்ல விரலால தொட்டு அப்படியே அமுக்கிப் பிடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும், பக்கத்துல சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதை மேல தள்ளினா ப்ளஸ், கீழ தள்ளினா மைனஸ். மேல ரெண்டு பதில்ல சொன்னது எல்லாம் அந்தக் குறிக்குள்ளதான் இருக்கு. விரலால விரிச்சு ஜூம் பண்ணாதீங்க, பெரும்பாலான ஃபோன்ல அது வெறும் வெட்டி ஒட்டற வேலை, கால் இருக்கு, நடந்து போங்க. ஒரே ஜன்னல்ல இருந்து ஒரு வருஷம் தினமும் ஒரு படம் எடுத்துப் பாருங்களேன், ஊட்டிக்கு ரெண்டு நாள் வந்துட்டுப் போறவங்க யாருக்கும் கிடைக்காத சொத்து அது.

மலை ரயிலை எடுக்க குன்னூருக்குக் கீழ ரோட்டோரமா ஒரு இடத்துல ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். வந்தது பார்த்தா முன்னாடி இஞ்சினே இல்ல, வெறும் பெட்டி! ஏமாந்துட்டேன். ஸ்டீம் இஞ்சின் எடுத்துட்டாங்களா?
(ஒரு வாசகர், மதுரை)

எடுக்கல சார். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ஏறும்போது இஞ்சின் பின்னாடி இருந்து தள்ளிட்டு வரும், முன்னாடி இழுக்காது. கல்லாறு தாண்டினதும் ஏத்தம் 12 அடிக்கு 1 அடி, நடுவுல பல்சக்கரம் மாட்டற ஒரு தண்டவாளம் தனியா இருக்கும், பெட்டி கழண்டாலும் கீழ உருண்டு போகாம இருக்க இஞ்சின் எப்பவுமே பள்ளத்துப் பக்கம்தான் நிக்கும். 1899-ல குன்னூர் வரைக்கும் ஓட ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஏற்பாடு அதுதான். முதல் பெட்டியோட முன்பக்கத் திண்ணையில கொடியோட ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பார், அவரைத்தான் நீங்க முதல்ல பார்த்திருப்பீங்க, அவரையே எடுத்திருக்கலாமே! பச்சைக் கொடியும் காக்கி சட்டையும் பின்னாடி பாறையுமா, இஞ்சினை விட நல்ல படம் அது.

இஞ்சின்தான் வேணும்னா ரெண்டு வழி. ஏறும்போது பெட்டி எல்லாம் உங்களைத் தாண்டிப் போகட்டும், கடைசில இஞ்சின் மூச்சு முட்டி புகை விட்டுட்டு வரும், திரும்பி நின்னு அதை எடுங்க. இல்லைன்னா மதியம் ஊட்டியில கிளம்பி கீழ இறங்கற வண்டிக்கு காத்திருங்க, குன்னூருக்குக் கீழ இறங்கும்போது இஞ்சின் முன்னாடி வரும். குன்னூர் – ஊட்டி நடுவுல டீசல் இஞ்சின்தான் பெரும்பாலும், அங்க பல்சக்கரமும் கிடையாது, புகைக்கு ஆசைப்பட்டு லவ்டேல்ல போய் நிக்காதீங்க. ஆனா லவ்டேல் ஸ்டேஷனும் கேத்தி பள்ளத்தாக்கும் அழகுல குறைஞ்சதில்ல.

பல்சக்கர ஏத்தத்துல வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் சுமார்தான், சைக்கிளே முந்திடும். ஷட்டர் வேகம் 1/250 நொடி தாராளம். பின்னணி கோடு கோடா ஓடற மாதிரி, வண்டியோடவே கேமராவைத் திருப்பிக்கிட்டே எடுக்கற பேனிங் பண்ண ஆசைன்னா 1/15, 1/8 வரைக்கும் இறங்கணும், இருபது எடுத்தா ஒண்ணு தேறும். வெள்ளை ஆவிக்கும் அடர் நிற இஞ்சினுக்கும் நடுவுல மீட்டர் குழம்பிடும், அதனால ரா ஃபைல்ல, அதாவது கேமரா சுருக்காம அப்படியே சேமிக்கற ஃபைல்ல எடுங்க, ஆவி ஒரேயடியா வெளுத்துப் போகாம பார்த்துக்கோங்க, இருட்டை அப்புறமா கம்ப்யூட்டர்ல தூக்கிக்கலாம். தண்டவாளத்துல இறங்கி நிக்கறது, குகைக்குள்ள போறது எல்லாம் குத்தம், 16 குகை இருக்கு அந்தப் பாதையில, ஒண்ணுக்குள்ள வண்டி வந்தா ஒதுங்க இடம் இருக்காது.

எந்த கேமரா வாங்கலாம்?
(ஏழெட்டு பேர், பல ஊர்)

மாசா மாசம் வர கேள்வி, மாசா மாசம் இதே பதில். தெரிஞ்சவங்க கிட்ட இருந்து பழைய டிஎஸ்எல்ஆர் ஒண்ணு, கூட 55-250 இல்ல 70-300. இந்த மாதிரி கேமராவுல பெரும்பாலும் இருக்கற சின்ன சென்சார்ல (க்ராப் சென்சார்) 250-ங்கறது கிட்டத்தட்ட 400 மாதிரி வேலை செய்யும், கையில பிடிச்சு எடுத்தா 1/500-க்குக் கீழ இறங்காதீங்க. மிச்சக் காசுக்கு பெட்ரோல் போடுங்க.

600 எம்எம் லென்ஸ் இல்லாம காட்டு விலங்கு எடுக்க முடியாதுன்னு ஒரு தம்பி அழுதிருக்கார். மா. கிருஷ்ணன்னு சென்னைக்காரர் ஒருத்தர் இருந்தார், 1996-ல காலமானார், முதுமலை யானைகளை வருஷக்கணக்கா பார்த்துப் பார்த்து கருப்பு வெள்ளையில எடுத்தவர், 1970-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவர் கேமரா எது தெரியுமா, அங்க ஒண்ணு இங்க ஒண்ணா பாகம் சேர்த்து அவரே ஒட்டுப்போட்டுக்கிட்ட ஒரு பெட்டி, அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு கிண்டலா பேரும் வச்சிருந்தார். யானை நிக்கற காட்டையும் சேர்த்து எடுங்க தம்பி, லென்ஸ் பத்தலங்கற கவலை பாதி போயிடும்.

ஜனவரில உறைபனி எடுக்கணும்னு மூணு நாள் தங்கினோம். தொட்டபெட்டா உச்சியில காலைல ஆறு மணிக்கே போயும் பனியே இல்ல. உச்சியிலதானே குளிர் ஜாஸ்தி?
(ஒரு வாசகி, ஈரோடு)

அக்கா, தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியிலயே உசரம், ஆனா உறைபனி உசரத்தைப் பார்த்து விழறதில்ல. மேகம் இல்லாத, காத்து அசையாத ராத்திரியில தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுடும், குளிர்ந்த காத்து கனமாயிடும், தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு பள்ளத்துல போய் தேங்கும். அதனால உறைபனி பார்க்க பள்ளத்துப் புல்வெளிக்குப் போகணும், ஊட்டியை ஒட்டின காந்தல், தலைக்குந்தா பக்கம் எல்லாம் அப்படித்தான். முதல் நாள் சாயங்காலம் வானம் சுத்தமா, காத்து இல்லாம இருந்தா மறுநாள் அலாரம் வைங்க, மேகம் இருந்தா இழுத்துப் போத்திட்டு தூங்குங்க.

வெயில் பட்டதுக்கு அப்புறம் ஒரு அரை மணி நேரம்தான் ஆட்டம். புல் மட்டத்துக்கு குனிஞ்சு, முடிஞ்சா படுத்து, வெயிலுக்கு எதிரா எடுங்க, ஒவ்வொரு புல்லு ஓரத்துலயும் உப்பு ஒட்டின மாதிரி மினுங்கும். இதுவும் வெள்ளை, ப்ளஸ் 1 மறக்காதீங்க. பேட்டரி குளிர்ல சீக்கிரம் சோர்ந்துடும், ஸ்பேர் ஒண்ணை ஸ்வெட்டருக்கு உள்ள உடம்போட ஒட்டி வைங்க, செத்துப்போச்சுன்னு நினைச்ச பேட்டரியும் கொஞ்ச நேரம் சூடு பட்டா எந்திரிக்கும். ரூமுக்குத் திரும்பினதும் கேமராவை உடனே வெளிய எடுக்காதீங்க, பையை மூடின மேனிக்கே ஒரு மணி நேரம் விடுங்க, இல்லைன்னா உள்ள வரைக்கும் வேர்த்துடும்.

கூடலூர்ல மழைன்னா மூணு மாசம் வெயிலே கிடையாது. லென்ஸ் உள்ள சிலந்தி வலை மாதிரி வந்துடுச்சு. அரிசி டப்பாவுல போட்டா சரியாகுமாம்?
(இல்லத்தரசி, கூடலூர்)

அரிசில போடாதீங்கம்மா, அந்த மாவுத்தூசி உள்ள போனா அது வேற வினை. வலை மாதிரி வந்தது ஃபங்கஸ். எனக்கும் ஒரு 50 எம்எம் லென்ஸ் இப்படிப் போச்சு, ஜூன்ல தோல் கவர்ல போட்டு பீரோவுல வச்சவன் செப்டம்பர்லதான் எடுத்தேன், உள்ள பூஞ்சை கோலம் போட்டிருந்தது, அந்தத் தோல் கவரே அதுக்கு சாப்பாடு. ரிப்பேர் கடையில குடுத்து துடைச்சு வாங்கினேன், ஆனா கோட்டிங்ல அரிச்ச தழும்பு அப்படியே நின்னுடுச்சு, வெயிலுக்கு எதிரா எடுத்தா இன்னிக்கும் மங்கலாதான் வருது.

வந்ததை ரிப்பேர்காரர்தான் பார்க்கணும். வராம இருக்க, ரப்பர் வச்சு இறுக்க மூடற டப்பா ஒண்ணு, உள்ள சிலிக்கா ஜெல், சின்னதா ஒரு ஈரப்பதம் காட்டற மீட்டர். 40-ல இருந்து 50 சதவீதம் காட்டினா போதும். நீலமா இருக்கற ஜெல் ஈரம் குடிச்சா ரோஸ் கலருக்கு மாறும், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில லேசா சூடு காட்டினா திரும்ப நீலமாகும். எல்லாத்தையும் விட நல்ல மருந்து லென்ஸை அடிக்கடி வெளிய எடுத்து யூஸ் பண்றதுதான்.

மழையில கேமராவுக்கு பிளாஸ்டிக் பை மாட்டலாமான்னும் கேட்டிருக்கீங்க. கீழ இருந்து வரவங்களுக்கும் சேர்த்து சொல்றேன், பிளாஸ்டிக் கேரி பேக், தண்ணி பாட்டிலை எல்லாம் செக்போஸ்ட்லயே வாங்கி வச்சுக்குவாங்க. பழைய ரெயின்கோட் கையை வெட்டி ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் தைச்சுக்கோங்க, என்னோடது ஆறு வருஷமா ஓடுது. வண்டில வரவங்க இ-பாஸ் எடுக்கவும் மறக்காதீங்க, 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேணும்.

நீலக்குறிஞ்சி எப்ப வந்தா எடுக்கலாம்?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கற அந்தக் குறிஞ்சி உங்க பழனி மலைப் பக்கம் 2006-ல பூத்தது, 2018-ல பூத்தது. அடுத்தது 2030. குறிஞ்சில நிறைய வகை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வேற, அதனால நடுவுல எங்கயாவது ஊதா பூ பார்த்துட்டு குறிஞ்சி பூத்திருச்சுன்னு யாராவது சொன்னா அது முழுப் பொய்யும் இல்ல.

சோலைக்காட்டுல குருவி குரல் கேக்குது, ஆள் தெரிய மாட்டேங்குது. ஃபோன்ல அதோட குரலைப் போட்டா வெளிய வரும்ங்கறாங்களே?
(ஒரு வாசகர், சேலம்)

வரும். ஏன் வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. தன் எல்லைக்குள்ள இன்னொருத்தன் வந்துட்டான்னு சண்டைக்கு வருது, இரை தேடற நேரத்தையும் குஞ்சு பார்க்கற நேரத்தையும் விட்டுட்டு. நாம போனப்புறம் அடுத்த குரூப் வந்து அதே குரலைப் போடும். நான் போடறதில்ல, போடறவங்க கூட போறதும் இல்ல. கூட்டுப் படமும் அப்படித்தான், மறைப்பா இருக்கற இலையை ஒதுக்கி எடுத்துட்டு நாம கிளம்பிடுவோம், காக்கா அதைப் பார்த்துட்டே இருக்கும்.

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் எடுக்கணும்னா மரத்து உச்சியைப் பார்க்காதீங்க, அது சோலைக்குள்ள புதர் மட்டத்துலயே, தரையை ஒட்டித்தான் சுத்தும். பாதையோரமா ஒரு இடத்துல முதுகை மரத்துல சாய்ச்சு உக்காருங்க, கலர் கலர் ஜெர்க்கின் வேண்டாம், இருபது நிமிஷம் அசையாம இருந்தா நீங்களும் ஒரு மரக்கட்டைன்னு முடிவு பண்ணிட்டு நாலடி முன்னாடி வந்து உக்காரும். உள்ள வெளிச்சம் ரொம்பக் கம்மி, கேமரா வெளிச்சத்தை வாங்கற சக்தியான ஐஎஸ்ஓ-வை 3200 வரைக்கும் பயப்படாம ஏத்துங்க, புள்ளி புள்ளியா வந்தா வரட்டும், ஆடிப்போன படத்தை விட அது மேல். 1/125-லயே, குருவி தலையைத் திருப்பி ஒரு நொடி நிறுத்தும் பாருங்க, அப்ப அமுக்குங்க. ஃப்ளாஷ் வேண்டாம்.

மசினகுடி ரோட்டுல கார்ல போகும்போது யானை நின்னா எறங்கி எடுக்கலாமா?
(ஒரு வாசகர், சென்னை)

கூடாது. எறங்கவும் கூடாது, வண்டியை நிறுத்தவும் கூடாது, ஃபைன் அப்புறம், யானை முதல்ல. வனத்துறை சஃபாரி வண்டில போங்க. அங்க ட்ரைபாட் விரிக்க இடம் இருக்காது, ஒரு துணிப்பையில ஒரு கிலோ கேப்பையைக் கட்டி ஜன்னல் கட்டை மேல வச்சு அது மேல லென்ஸைப் படுக்க வைங்க, ட்ரைவர் அண்ணா கிட்ட கேட்டு இஞ்சினை ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணச் சொல்லுங்க, அந்த அதிர்வுலதான் பாதிப் படம் கெடுது. திரும்பி வந்து அந்தக் கேப்பையில களி கிண்டிக்கலாம்.

எனக்கு வயது எழுபத்தி நாலு. ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமராவில், நம்ம ஊட்டி ஃபேக்டரியின் 'இந்து' ஃபிலிமில் எடுத்த நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. பிரிண்ட் எதுவும் இல்லை. என் தகப்பனார் குன்னூர் ஸ்டேஷனில் இஞ்சின் பக்கத்தில் நிற்கும் படமும் அதில் உண்டு. எப்படி மீட்பது?
(ஒரு வாசகர், குன்னூர்)

ஐயா, உங்க கடிதத்தை வீட்டுல ரெண்டு தடவை சத்தமா படிச்சுக் காட்டினேன். சின்னவங்களுக்காக: ஊட்டி இந்து நகர்ல இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்னு அரசு ஃபேக்டரி இருந்தது, 1960-ல ஆரம்பிச்ச கம்பெனி, 1967-ல உற்பத்தி தொடங்கினாங்க. ஃபிலிம்ல ஒரு தூசி விழுந்தாலும் போச்சு, மலைக்காத்துல தூசி கம்மி, குளிர்ச்சியும் இருக்குன்னுதான் இங்க வச்சாங்க. நாட்டுல எத்தனையோ ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிம் அங்க இருந்துதான் போச்சு.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசம் அடிக்குதான்னு பாருங்க, அடிச்சா அந்த ஸ்ட்ரிப்பை மட்டும் தனியா பிரிச்சு வைங்க, ஃபிலிம் கெட ஆரம்பிச்சிருக்கு, அதைத்தான் முதல்ல காப்பி பண்ணணும். தண்ணியில கழுவ வேண்டாம், ஒட்டிக்கிட்டது எதையும் பிச்சு எடுக்க வேண்டாம். ஓரத்தை மட்டும் பிடிச்சு, மெல்லிசு பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க. பேரன் கிட்ட டேப்லெட் இருந்தா வெள்ளை ஸ்க்ரீன் முழு வெளிச்சத்துல வச்சு, அது மேல ரெண்டு விரக்கடை உயரத்துக்கு கண்ணாடி ஒண்ணைத் தூக்கி வச்சு, அந்தக் கண்ணாடி மேல நெகட்டிவ், அப்பதான் ஸ்க்ரீனோட புள்ளி படத்துல விழாது. நேர் மேல இருந்து கேமராவால எடுத்து, கம்ப்யூட்டர்ல இன்வெர்ட்னு ஒரு பட்டன், கருப்பு வெள்ளையாகும், வெள்ளை கருப்பாகும். கிளிக் த்ரீ நெகட்டிவ் ஆறு சென்டிமீட்டர் சதுரம், இன்னிக்கு இருக்கற ஃபோன்ல எடுத்தாலே சட்டை பட்டன் வரைக்கும் தெரியும். முடிஞ்சதும் பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பட்டர் பேப்பர்ல ஒவ்வொண்ணா மடிச்சு, திரும்ப அதே டப்பாவுல, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட.

கண்ணாடி, டேப்லெட் எதுவும் வீட்டுல இல்லைன்னா பத்திரிகை விலாசத்துக்கு ஒரு வரி போடுங்க, ஞாயித்துக்கிழமை பஸ் பிடிச்சு நானே குன்னூர் வரேன். டப்பாவை மட்டும் நான் வர வரைக்கும் அடுப்பு பக்கம் வைக்காதீங்க.